ஓ.டி.பி. வராத வீடுகள்

அங்கன்வாடியில் சத்துமாவு வாங்க ஒரு கர்ப்பிணிப் பெண் வந்து நிற்கிறார். ஊழியர் தன் கைபேசியை அவர் முகத்துக்கு நேரே பிடிக்கிறார். முகம் ஆதாரில் உள்ள படத்தோடு ஒத்துப்போக வேண்டும். அதற்கு முன், ஆதாரோடு இணைத்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யைச் சொல்லிப் பதிவை முடிக்க வேண்டும். அந்த எண் கணவருடையது. அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்டில் இருக்கிறார். இரண்டு முறை அழைத்தும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்துச் சொல்வதற்குள் எண் காலாவதியாகிவிட்டது. மாவுப் பாக்கெட் கைக்கெட்டும் தூரத்தில் அலமாரியில் இருக்கிறது. அந்தப் பெண் வெறுங்கையோடு வீட்டுக்கு நடக்கிறார்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துணவுக்கு 2025 ஜூலை 1 முதல் முகப்பதிவைக் கட்டாயமாக்கியது மத்திய அரசு. இதை வகுத்தவர்கள், நாட்டில் எல்லோர் கையிலும் இணையம் இருக்கிறது என்று எண்ணியிருக்க வேண்டும். ஆனால், அதே அரசின் தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) சொல்வது வேறு. வாழ்நாளில் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் 57.1%, பெண்கள் 33.3% மட்டுமே. நகரத்து ஆண்களில் 72.5%; கிராமத்துப் பெண்களில் 24.6%. அதற்குப் பிறகு இந்த எண்கள் கூடியிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனாலும், வீட்டில் ஒரு ஸ்மார்ட்போன் இருப்பதும் அது அந்த வீட்டுப் பெண்ணின் கையில் இருப்பதும் ஒன்றாகிவிடாது. பகலில் அது வேலைக்குப் போகிறவரோடு போகிறது. மாலையில் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்குப் போகிறது. ரீசார்ஜ் தீர்ந்த மாதத்தில் யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது.

நூறு நாள் வேலையில் நடந்ததையும் பார்ப்போம். 2023 ஜனவரி 1 முதல் பணித்தளங்களில் வருகைப் பதிவு செயலி வழியாக மட்டுமே என்றானது. பணித்தளப் பொறுப்பாளர் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என இரண்டு படங்களை எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. சிக்னல் கிடைக்காத ஏரிக்கரைகளில் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடு தேடி நடந்தார்கள். அளந்துவிட்ட வேலையை முடித்த பெண்களும் இரண்டாவது படத்துக்காக வெயிலில் காத்துக் கிடந்தார்கள். படம் ஏறாவிட்டால் அன்றைய கூலி போயிற்று. இத்தனையும் முறைகேட்டைத் தடுப்பதற்காக என்றார்கள். தடுத்ததா? படத்தையே படமெடுத்து ஏற்றுகிறார்கள், வேலைக்குத் தொடர்பே இல்லாத படங்களை ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை அனுப்பியது. இனி படங்களை அலுவலர்களே சரிபார்க்க வேண்டும் என்றும் அதில் சொன்னது. ஏமாற்றுகிறவர் செயலியையும் ஏமாற்றிவிட்டார். மண் சுமந்தவர்தான் கூலி இழந்தார். இவ்வளவுக்குப் பிறகும், இத்திட்டத்துக்கு மாற்றாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பயோமெட்ரிக் சரிபார்ப்பையே நம்பி நிற்பது வருத்தத்துக்குரியது.

கணினியும் இணையமும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முதியோர் ஓய்வூதியம் இடைத்தரகர் கைபடாமல் வங்கிக் கணக்கில் விழுவது பெரிய விடுதலை. ஒரு சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு நாலு நடை நடந்த தலைமுறைக்கு அதன் அருமை தெரியும். நம் கேள்வி, இயந்திரத்தின் சுமையை யார் தலையில் வைப்பது என்பதுதான்.

இதற்கான விடையைத் தமிழகமே ஒருமுறை செய்து காட்டியது. 2023இல் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் பெற்றபோது, இணையதளத்துக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள் என்று அரசு ஒதுங்கிக்கொள்ளவில்லை. ரேஷன் கடை ஊழியர்கள் டோக்கனையும் படிவத்தையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். முகாமில் தன்னார்வலர்கள் உட்கார்ந்து விவரங்களைச் செயலியில் ஏற்றினார்கள். தட்டச்சும் சிக்னலும் சர்வரும் அரசின் கவலையாக இருந்தன. பெண்கள் தாளோடு வந்தால் போதும் என்றிருந்தது. 1 கோடிக்கு மேற்பட்டோரை அப்படித்தான் சேர்க்க முடிந்தது. ஆனால், நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியாகப் போனது. மேல்முறையீட்டுக்கு இ-சேவை மையத்தைக் காட்டினார்கள். உதவி அதிகம் தேவைப்பட்ட இடத்தில் மனித முகம் மறைந்துபோனது. அந்தக் குறையும் நினைவில் இருக்க வேண்டும்.

சட்டமும் இப்போது மக்கள் பக்கம்தான் நிற்கிறது. அமிலவீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்களும் பார்வை இழந்தவர்களும் உச்ச நீதிமன்றம் போனார்கள். வங்கிக் கணக்கு, சிம் கார்டு போன்றவற்றுக்கான மின்னணு சரிபார்ப்பில் ‘கண்ணை இமைத்துக் காட்டு’ என்கிறது திரை. இமைக்க முடியாதவர் என்ன செய்வார்? 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, மின்னணு சேவைகளை அணுகுவது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. 20 உத்தரவுகளைப் பிறப்பித்த அமர்வு, காகித வழியிலான சரிபார்ப்பையும் கைவிடக் கூடாது என்றது.

அந்தத் தீர்ப்பின் நியாயம் வங்கியோடு நிற்கக் கூடாது. உணவு, கூலி, ஓய்வூதியம், மருத்துவம் ஆகிய எதுவும் கைபேசி இல்லை, ஓ.டி.பி. வரவில்லை, கைரேகை பதியவில்லை என்ற காரணத்துக்காக மறுக்கப்படக் கூடாது என்று சட்டமே சொல்ல வேண்டும். இயந்திரம் மறுத்தால், பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு அப்போதே கொடுக்கும் அதிகாரம் அங்கே இருக்கும் ஊழியருக்கு வேண்டும். எத்தனை பேரை இயந்திரம் மறுத்தது என்ற கணக்கை மாதந்தோறும் ஊராட்சி அறிவிப்புப் பலகையில் எழுதிப்போட வேண்டும். மத்திய அரசு சட்டம் கொண்டுவரும்வரை தமிழக அரசு காத்திருக்கத் தேவையில்லை. தன் கையில் இருக்கும் திட்டங்களுக்கு ஓர் அரசாணை போதும். அதை இந்த மாதமே பிறப்பிக்க வேண்டும்.