கொத்தும் முத்திரையும்

பசித்தவனுக்கு அரசாங்கம் அளிக்கும் உதவியை எதனால் அளப்பது? அரிசியாலா, ரூபாயாலா? கணக்கப்பிள்ளையின் கேள்வியாகத் தோன்றும் இது, உண்மையில் நீதி பற்றிய கேள்வி என்பதே என் துணிபு.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 ஆம் ஆண்டில், இலங்கையிற் பங்கீட்டு அரிசி தொடங்கிற்று. அதன் விலையை அரசாங்கம் உயர்த்தினால் நாடு முழுவதும் உடனே அறியும். 1953 இல், 25 சதமாயிருந்த ஒரு கொத்துப் பங்கீட்டரிசி 70 சதமாயிற்று. ஓகஸ்ட் 12 இல் ஹர்த்தால் மூண்டது. ஒக்டோபரிற் பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார்.

1979 இல் அரிசிப் பங்கீட்டின் இடத்துக்கு உணவு முத்திரை வந்தது. அதிற் குறித்த ரூபாய் அப்படியே நிற்க, சந்தையில் விலைகள் ஏறின. முத்திரை வாங்கிய உணவு ஆண்டுதோறும் குறைந்தது. எவரும் கையொப்பமிடாத வெட்டு அது. ஆதலால் எதிர்ப்புக்கும் ஒரு நாள் குறிக்க இயலவில்லை.

பழைய கூப்பனுக்குத் திரும்புவோம் என்று நான் கூறவில்லை. பணமாகக் கொடுத்தால் ஏழை தனக்கு வேண்டியதைத் தானே தெரிந்தெடுக்கலாம். களஞ்சியச் செலவும் மிஞ்சும். ஆனால் 2023 இல் தொடங்கிய அஸ்வெசும உதவியும் ரூபாயாகவே வங்கிக் கணக்கிற் சேர்கிறது. அந்த ரூபாயை அரிசி விலையோடு சட்டத்தாற் பிணைத்தல் வேண்டும். விலை ஏறுந்தோறும் உதவியும் தானாக ஏறட்டும். ஆட்சியாளரின் கருணை கனியும்வரை அடுப்பு காத்திராது.