மத்தளம் எங்கே போனது?
முல்லைத்தீவுக் கோவலன் கூத்தின் ஒலிப்பதிவொன்று வட்ஸ்அப்பில் சுற்றுகிறது, உங்களுக்கும் வந்திருக்கும். அண்ணாவியாரின் குரல் தகரத்துக்குள் இருந்து வருகிறது, மத்தளம் அடிக்கு அடி உடைகிறது. இத்தனைக்கும் நம் கலியாண வீடுகளுக்கு வரும் டி.ஜே. பொடியள் தங்கள் தொகுப்பை மிக்சரிலிருந்து நேராக லப்டொப்பில் எடுத்துவிடுகிறார்கள். சிவப்பு விளக்கு எரியாதபடி ஒலியை அடக்கி, முதலில் வேவ் கோப்பாக வைத்துக்கொண்டு, பகிர்வதற்கு மட்டும் 320 கிலோபிட் எம்.பி.3 ஆக்குகிறார்கள். அதுதான் சரியான ஒழுங்கு. காதுக்கு எட்டாது என்று தான் கணித்ததையெல்லாம் எம்.பி.3 வெட்டி எறிந்துவிடும். பிறகு அதை வேவாக மாற்றினால் கோப்புத்தான் பெருக்கும், வெட்டுப்பட்டது திரும்பாது. சினிமாப் பாட்டென்றால் இன்னொரு பிரதி எங்காவது கிடைக்கும், விடிய விடிய ஆடிய கூத்துக்கு ஏது? 2008இலும் 2009இலும் போரின்போது வீட்டோடு கசெட்டுகளையும் விட்டுவிட்டு ஓடியவர்கள் நாங்கள். ஆகவே தம்பிமாரே, அடுத்த முறை ஊரில் கூத்து மேடையேறும்போது உங்கள் மிக்சரையும் லப்டொப்பையும் அங்கே கொண்டுபோங்கள். மத்தளத்துக்குத் தனி மைக் வையுங்கள். மூலக் கோப்பைச் சுருக்காமல் நூலக நிறுவனத்தின் ஆவணகத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.