உடைந்த பீங்கானை மேஜையில் வையுங்கள்

விருத்தாசலத்தில் செராமிக் படித்த பிள்ளையை இன்டர்வியூவில் உட்காரவைத்து, “டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்” என்று கேட்டு, அவன் திக்கினான் என்பதற்காக ஐந்தே நிமிடத்தில் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். இதை இன்னும் எத்தனை வருஷம் பொறுத்துக்கொள்வது?

அவனுக்கு என்ன தெரியும் என்று அந்த அறையில் ஒருவராவது விசாரித்தார்களா? நெய்வேலியில் நிலக்கரி தோண்டும்போது கிடைக்கிற களிமண்ணைக் கையில் உருட்டிப் பார்த்தே அதன் பிசுபிசுப்பைச் சொல்லுவான். ‘பால் மில்’ என்ற உருளை அரவையில் அரைத்த ஸ்லிப், அதாவது களிமண் குழம்பு, கெட்டியாக நின்றால் தண்ணீரை ஊற்றக் கூடாது, சோடியம் சிலிக்கேட் துளி விட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். தண்ணீர் கூடினால் பிளாஸ்டர் மோல்டு சீக்கிரம் ஊறிப்போகும், காயும்போது சுருக்கம் அதிகமாகி வாய்ப்பக்கம் கீறல் விடும். சூளை ஆறும்போது 573 டிகிரியில் குவார்ட்ஸ் தன் படிக அமைப்பை மாற்றிக்கொண்டு சட்டெனச் சுருங்கும். அந்தக் கட்டத்தில் அவசரப்பட்டுக் குளிர்காற்றை உள்ளே விட்டால் சரக்கு மொத்தமும் போச்சு. பீங்கான் ஃபியூஸ் கேரியர் சரியாக வெந்திருக்கிறதா என்று பார்க்க, உடைந்த இடத்தில் நாக்கை வைத்துப் பார்ப்பான். ஒட்டினால் ஈரம் குடிக்கும், கரண்டுக்கு ஆகாது. இதையெல்லாம் தமிழில் கேட்டிருந்தால் அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசியிருப்பான். கேட்கத்தான் ஆளில்லை.

எனக்குக் கோபம் கம்பெனிக்காரர்கள் மேல் மட்டுமல்ல. பிள்ளைகளைத் தயார் செய்கிறோம் என்று சொல்கிறவர்கள் மேலும் வருகிறது. பயிற்சி வகுப்பு என்று போனால் ஒரு தாளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். பெயர், ஊர், அப்பா பெயர், பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது, பலம் கடின உழைப்பு, பலவீனம் எல்லாரையும் நம்பிவிடுவது. இருபது பேர் வரிசையில் நின்றால் இருபது பேரும் இதையே ஒப்பிக்கிறார்கள். எதிரே இருப்பவருக்கு மூன்றாவது ஆளிலேயே சலித்துவிடுகிறது. பிறகு யாரை எடுப்பது என்பதை உச்சரிப்பும் சட்டையும்தான் முடிவு செய்யும். 2022-இல் தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டம் வந்தபோது நான் மனதார மகிழ்ந்தேன். இன்றும் அது தேவை என்றே சொல்லுவேன். ஆனால் ஆங்கிலத்தையும் கணினியையும் சொல்லிக்கொடுக்கிற அதே அக்கறையோடு, தன் தொழிலைத் தானே எடுத்துச் சொல்லும் பழக்கத்தையும் பிள்ளைக்கு உண்டாக்க வேண்டாமா?

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தம்பி, நீ கெடுத்த ஒரு சரக்கைப் பற்றிப் பேசு. மேல்பூச்சான கிளேஸில் மயிரிழை வெடிப்பு வந்ததா? ஆறும்போது அடியிலுள்ள மண் பாடியைவிடக் கிளேஸ் அதிகம் சுருங்கியிருக்கிறது. அதை எப்படிக் கண்டுபிடித்தாய், கலவையில் எதைக் கூட்டினாய், எதைக் குறைத்தாய், அடுத்த லோடு எப்படி வந்தது என்று வரிசையாகச் சொல். போகிற இடம் என்ன செய்கிறது என்று முந்தின நாளே தெரிந்துகொள். குஜராத்தின் மோர்பியில் தரை ஓடு செய்கிற ஃபேக்டரியின் ரோலர் கில்னில் ஓடு ஒரு மணி நேரத்துக்குள் வெந்து வெளியே வந்துவிடும். பெரிய இன்சுலேட்டருக்கோ நாள் கணக்காகும். அந்த வித்தியாசம் தெரியாமல் போய் உட்கார்ந்தால் உன் டிப்ளமோவுக்கு மரியாதை இருக்காது. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். மெஷின் மேனுவல் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, ஆபத்து அறிவிப்பும் அப்படித்தான். உன் வேலைச் சொற்களை முதலில் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகு, பொழுதுபோக்கு அப்புறம் வரட்டும். இன்டர்வியூவுக்கே பணம் கட்டு என்று எவனாவது போன் பண்ணினால் வைத்துவிடு. வேலை கொடுக்கிறவன் காசு கேட்கமாட்டான்.

இவ்வளவும் செய்து போன ஒரு பெண்ணிடம் என்ன கேட்டார்கள் தெரியுமா? “கல்யாணம் ஆனால் வேலையை விட்டுடுவீங்களா?” இந்த விருத்தாசலத்து யூனிட்டுகளில் சூளையில் வேகாத பச்சைப் பொருளின் பிசிரை நீக்குவதும் பொம்மைக்கு வண்ணம் தீட்டுவதும் யார்? கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேலைக்கு வருகிற பெண்கள்தான். அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொல்லவில்லை, கிளேஸ் பற்றித் தானாகவே பேச ஆரம்பித்தாள். அவளுக்கு வேலை கிடைத்தது. கிடைத்தது சந்தோஷம், ஆனால் அந்தக் கேள்வியை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று, அந்த “சொல்லி அனுப்புறோம்”. ராணிப்பேட்டைக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போகிறான். குஜராத் என்றால் கடன் வாங்கி, ரயிலில் பொதுப் பெட்டியில் நின்றுகொண்டே போகிறான். திரும்பி வந்து போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருக்கிறான். இல்லை என்றாவது ஒரு வரி வரவேண்டாமா? பதில் வராததால் அடுத்த இடத்துக்கு எழுதிப் போடாமல் மாதக்கணக்கில் காத்துக் கிடந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். டாசெல் என்ற அரசு பீங்கான் நிறுவனம் இருந்த காலத்தில் ஊருக்குள்ளேயே ஒரு நம்பிக்கை இருந்தது. அதுவும் மூடிக்கிடக்க, வெளியூர்க் கம்பெனியின் வாயைப் பார்த்துத்தான் இவர்கள் நிற்க வேண்டியிருக்கிறது.

இப்படியென்றால் நேர்முகத் தேர்வே எதற்கு என்று தோன்றலாம். மத்திய அரசு 2016 ஜனவரி முதல் தேதியிலிருந்து தன் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வையே எடுத்துவிட்டது. சிபாரிசுக்கு வழிவிடுகிறது என்பதுதான் காரணம். தனியாரும் அதை எடுத்துவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சூளைக்கு ஆள் எடுக்கிறவர்கள் ஆளைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள் ஐயா. உங்கள் ஃபேக்டரியிலேயே உடைந்த ஒரு கோப்பையையும் ஒரு இன்சுலேட்டரையும் மேஜைமேல் வையுங்கள். இது ஏன் உடைந்தது, இனி உடையாமல் இருக்க என்ன செய்வாய் என்று கேளுங்கள். அவனுக்கு வருகிற பாஷையிலேயே கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் அதையும் ஒரு வாரத்துக்குள் போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள்.