தணிக்கை அறிக்கையை ஊர் நடுவே படியுங்கள்

2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வந்த சூட்டோடு, கடலூர் மாவட்டம் பண்ருட்டிப் பக்கம் நடுக்குப்பத்தில் ஊராட்சித் தலைவர் பதவி 50 லட்சம் ரூபாய்க்கும் துணைத் தலைவர் பதவி 15 லட்சத்துக்கும் ஏலம் போனதாகச் செய்தி வந்தது. பலரும் அந்த 50 லட்சத்தைப் பற்றித்தான் பேசினார்கள். என்னை உறுத்துவது 15 லட்சம். ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் தடம் மாறினால் மற்றவர் தடுப்பார் என்று நம்பிச் செய்த ஏற்பாடு அது. இரண்டு கையெழுத்துக்கும் விலை வைத்துவிட்டால் அந்த ஏற்பாட்டில் மிச்சம் என்ன இருக்கிறது? போட்ட பணத்தை எடுக்கத்தானே பார்ப்பார்கள்? அலுவலகத்துக்குள்ளேயே ஒருவருக்கு ஒருவர் காவல் என்ற முறை போதாது. வெளியிலிருந்து வந்து கணக்குப் பார்ப்பவர், தான் கண்டதை அந்த ஊர் மக்கள் முன்னால் படிக்க வேண்டும்.

தலைவரை மட்டும் திருடராகப் பார்ப்பதும் சரியல்ல. அதே மாவட்டத்தின் குறிஞ்சிப்பாடி ஒன்றியமோ வேறு எந்த ஒன்றியமோ, ஒரு சிமென்ட் சாலைக்கு மதிப்பீடு போடுவதும், வேலை முடிந்தபின் எம்-புக் எனும் அளவுப் புத்தகத்தில் நீளம், அகலம், கனம் எழுதுவதும் பொறியியல் பிரிவினர். அந்த அளவை வைத்துத்தான் பில் பாஸ் ஆகிறது. ஆறு அங்குலக் கனம் என்று எழுதிய இடத்தில் நான்கு அங்குலம்தான் இருக்கிறதா என்பது அந்தத் தெருக்காரருக்கு எப்படித் தெரியும்? எம்-புக் அவர் கண்ணில் படுவதே இல்லை. 2020-இல் வெளிவந்த, நிலமுள்ள விவசாயிகளுக்கான பி.எம். கிசான் உதவித்தொகை மோசடியும் இப்படி மறைவில் நடந்ததுதான். தமிழ்நாடு முழுவதும் சுமார் ஐந்தரை லட்சம் தகுதியற்றவர்கள் சேர்க்கப்பட்டு, ஏறத்தாழ 110 கோடி ரூபாய் போனதாக அரசே சொன்னது. கடலூர் மாவட்டமும் அதில் முன்வரிசையில் இருந்தது. அதிகாரிகளின் பாஸ்வேர்டு தரகர்கள் கைக்குப் போயிருந்தது. ஊர்வாரியாகப் பெயர்களைக் கிராம சபையில் வாசித்திருந்தால், யாருக்கு நிலம் உண்டு, யாருக்கு இல்லை என்று ஊரே சொல்லியிருக்கும்.

மக்களைக் கூட்டினால் போதும் என்று நான் சொல்லவில்லை. இந்தோனேசியாவில் 600-க்கும் மேற்பட்ட கிராமங்களில் சாலைப் பணிகளை வைத்துப் பொருளியல் அறிஞர் பெஞ்சமின் ஓல்கன் ஓர் ஆய்வு செய்து 2007-இல் வெளியிட்டார். கூட்டத்துக்கு அதிகம் பேரை அழைத்ததால் காணாமல்போன பணம் பெரிதாகக் குறையவில்லை. அரசுத் தணிக்கை கட்டாயம் வரும் என்று அறிவித்த ஊர்களில் 8 சதவீதப் புள்ளி குறைந்தது. மேலிருந்து வரும் தணிக்கையே போதும் என்பவர்கள் இதைச் சான்றாகக் காட்டக்கூடும். ஆனால் அங்கே தணிக்கை முடிவைக் கிராமக் கூட்டத்தில் படிப்பதும் ஏற்பாட்டின் ஒரு பகுதி. நம் நாட்டிலும் நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17-வது பிரிவு சமூகத் தணிக்கையைக் கொண்டுவந்தது. அந்த ஒரு திட்டத்துக்குச் செய்ததைச் சாலைக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் செய்வதில் என்ன தடை?

சபைக்குக் கூட்டம் வருவதில்லை, வருகிறவர்களும் பயந்து வாய் திறப்பதில்லை என்ற மறுப்பில் உண்மை இருக்கிறது. சாதி பலமும் பண பலமும் ஒரே வீட்டில் இருக்கும் ஊரில், கூலிக்காரர் ஒருவர் எழுந்து கணக்குக் கேட்பது எளிதல்ல. அதனால்தான் கேள்வி கேட்கும் சுமையை அவர் தலையில் வைக்கக் கூடாது என்கிறேன். படிக்கும் கடமை தணிக்கையாளருடையதாக இருக்கட்டும். படித்ததும், வந்த பதிலும் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். கையாடல் என்று முடிவான தொகை திரும்ப வந்ததா என்பதை அடுத்த சபையில் முதல் பொருளாக வைக்கட்டும். இதற்குத் தலைவர் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 2019-இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. வாக்குக் கேட்டு வாசலுக்கு வர வேண்டிய அவசியமே இல்லாத ஓர் அலுவலர் கையெழுத்திடும் காலத்துக் கணக்கைத்தான் ஊர் முதலில் கேட்க வேண்டும். குறிஞ்சிப்பாடி பேரூராட்சிக்குக் கிராம சபை கிடையாது; அங்கே வார்டு வார்டாகப் படிக்கலாம். சாலையின் நீளம், அகலம், கனம், ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த தொகை: இந்த நான்கையும் சத்தமாகப் படித்தால் போதும், டேப்பை எடுத்துக்கொண்டு அளக்க அந்தத் தெருவிலேயே ஆள் இருப்பார்.