ராக்கெட் விடலாம், மருந்தை விட்டுவிடலாம்

தீபாவளி நெருங்கும்போதெல்லாம் மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பக்கத்து மாணவர்கள் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "சார், ராக்கெட்டை நாமே வீட்டில் செய்ய முடியாதா?" முடியும் என்பதே என் பதில். உடனே அடுத்த கேள்வி வரும்: "மருந்தை எப்படித் தயாரிப்பது?" இந்த இரண்டாவது கேள்விக்கு நான் விடை சொல்வதில்லை. ராக்கெட்டைக் கற்றுக்கொள்ள அந்த விடை தேவையே இல்லை என்பதுதான் காரணம்.

நம் நாட்டு விண்வெளி வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 1963 நவம்பர் 21 அன்று மாலை, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. நைக்–அப்பாச்சி என்ற அந்த ராக்கெட் அமெரிக்காவிலிருந்து ஆயத்த நிலையில் வந்தது. அப்படியானால் நம் பொறியாளர்கள் செய்தது என்ன? ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் அதன் பாகங்களை இணைத்தார்கள். ஏவுமேடையில் ஏற்றினார்கள். ரேடார் கொண்டு பின்தொடர்ந்தார்கள். இணைப்புக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்றிருந்தவர், நம் ஊர்க் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த அப்துல் கலாம்.

நாமே உருவாக்கிய முதல் ரோகிணி ராக்கெட் பறந்தது 1967 நவம்பர் 20 அன்றுதான். அதன் விட்டம் 75 மில்லிமீட்டர்; ஒரு சிறிய டம்ளரின் அகலம். ஆக, ஒரு நாடே இணைப்பையும் அளவீட்டையும் பாதுகாப்பையும் முதலில் பயின்றது. சொந்த ராக்கெட் அதன் பிறகே வந்தது. பள்ளி மாணவன் மட்டும் ஏன் மருந்திலிருந்து தொடங்க வேண்டும்?

பட்டாசுகளைப் பிரித்து, மருந்தைக் கொட்டிச் சேர்த்து, குழாயில் அடைத்துப் பார்க்கும் விபரீத ஆசை சிலருக்கு உண்டு. இதிலுள்ள ஆபத்தை இயற்பியல் தெளிவாக விளக்கும். விறகு எரிய வெளிக்காற்று வேண்டும். காற்றைத் தடுத்தால் அணைந்துவிடும். வெடிமருந்தோ தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. மூடி அணைக்க முடியாது. அழுத்தம் கூடினால் அது எரியும் வேகமும் கூடும். வேகம் கூடினால் வாயு பெருகி அழுத்தம் மேலும் கூடும். குழாயின் வாய் சற்றே அடைபட்டாலோ, உள்ளே மருந்தில் கீறல் விழுந்து எரியும் பரப்பு அதிகமானாலோ, கண்ணிமைக்கும் நேரத்தில் ராக்கெட் குண்டாக மாறிவிடும். குழாய் உலோகமாக இருந்தால் அதன் ஒவ்வொரு சிதறலும் ஒரு தோட்டா. இத்தனைக்கும் தீக்குச்சி வேண்டும் என்பதில்லை; ஓர் உராய்வு, நிலைமின்சாரத்தின் ஒரு சிறு பொறி போதும்.

"நான் கவனமாகச் செய்வேன்" என்று யாரும் சொல்லலாம். அனுபவம் உள்ள இடங்களிலேயே விபத்து நேர்கிறது. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று ஒரு பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மொட்டை மாடியில், அம்மாவுக்குத் தெரியாமல், செய்தித்தாளின் மேல் மருந்தைக் கொட்டும் சிறுவனுக்கு எந்தக் கவனம் துணை நிற்கும்? உரிமமின்றி வெடிபொருள் தயாரிப்பது 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்படி குற்றமும் ஆகும்.

இதைப் படிக்கும் பெற்றோர் சிலர், "அதனால்தான் ராக்கெட்டே வேண்டாம் என்கிறோம்" என்பார்கள். இதுவும் எனக்கு உடன்பாடில்லை. ஆர்வத்தைத் தடுத்தால் அது மறையாது, மறைவிடத்துக்குப் போகும். 1957இல் ஸ்புட்னிக் பறந்தபின் அமெரிக்கச் சிறுவர்கள் பலர் தாமே எரிபொருள் கலந்து காயமடைந்தார்கள். ஹாரி ஸ்டைன் என்ற பொறியாளர் அவர்களுக்கு வேறு வழி காட்டினார். தொழிற்சாலையில் செய்த சிறு மோட்டார், காகிதத்தாலும் இலேசான மரத்தாலும் ஆன உடல், தள்ளி நின்று மின்சாரத்தால் பற்றவைத்தல் என்று விதிகள் வகுக்கப்பட்டன. மாதிரி ராக்கெட் என்ற பொழுதுபோக்கு அங்கே அப்படித்தான் வேரூன்றியது.

நமக்கு அதைவிட எளிய வழி இருக்கிறது: தண்ணீர் ராக்கெட். இரண்டு லிட்டர் சோடா பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நீர் ஊற்றி, வால்வு பொருத்திய ரப்பர் அடைப்பானால் மூடி, தலைகீழாகத் தாங்கியில் நிறுத்தி, சைக்கிள் பம்பால் காற்றடித்தால் நீர் கீழே பீறிட, பாட்டில் மேலே பாயும். நியூட்டனின் மூன்றாம் விதி கண்ணெதிரே நடக்கும்.

இதையும் விளையாட்டாக எண்ணிவிடாதீர்கள். அழுத்தமானியில் 60 பவுண்டு காட்டும்போது பாட்டிலிலுள்ள காற்றில் சுமார் 300 ஜூல் ஆற்றல் அடங்கியிருக்கிறது. மூன்று கிலோ கல் ஒன்று பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம் அது! ஆகவே சில விதிகளை மறவாதீர்கள். வாயுவின் அழுத்தத்தைத் தாங்கும்படி செய்யப்பட்ட சோடா பாட்டிலே ஏற்றது. குடிநீர் பாட்டிலோ கண்ணாடியோ கூடாது. கீறலோ வெளுத்த மடிப்போ கண்டால் எறிந்துவிடுங்கள். சூடான பசை பாட்டிலின் வலிமையைக் குறைக்கும். துடுப்புகளை ஒட்டும் நாடாவால் பொருத்துங்கள். முனையில் கூரான பொருளோ உலோகமோ வேண்டாம். அழுத்தமானி உள்ள பம்பையும் நீண்ட குழாயையும் பயன்படுத்தி, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்து, பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். 60 பவுண்டைத் தாண்டாதீர்கள். பாட்டில் கிளம்பாமல் சிக்கிக்கொண்டால் காற்றைத் தொலைவிலிருந்தே வெளியேற்றுங்கள். காற்று இருக்கும்வரை யாரும் அருகில் போகக் கூடாது.

விஞ்ஞானம் இதன் பிறகே தொடங்குகிறது. அழுத்தத்தை மாற்றாமல் நீரின் அளவை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஏவிய இடத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி ஒரு நண்பரை நிறுத்துங்கள். கோணமானியில் நூலும் குண்டும் கட்டி, உச்சியை நோக்கும் ஏற்றக்கோணத்தை அவர் அளக்கட்டும். கோணம் 45 பாகை என்றால், ராக்கெட் அவர் கண்மட்டத்துக்கு மேல் 30 மீட்டர் எழுந்திருக்கிறது. வகுப்பில் மனப்பாடம் செய்த டேன்ஜென்ட்டுக்கு இங்கே வேலை கிடைக்கும். ஒவ்வொரு முறையும் குறித்து வைத்து வரைபடம் வரையுங்கள். எந்த அளவு நீருக்கு உயரம் மிகுதி என்பதை அது சொல்லும்.

அடையாற்றில் ஐ.ஐ.டி. வளாகத்தில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனத்தின் இளைஞர்கள் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தங்கள் சோதனை ராக்கெட்டை ஏவினார்கள். அதற்குமுன் நான்கு முறை ஏவுதலை நிறுத்திவைத்தார்கள். ஐயம் எழுந்தபோது நிறுத்தும் துணிவுதான் ஐந்தாம் முறை வெற்றி தந்தது. இந்தத் துணிவை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலிலும் பழகிக்கொள்ளலாம்.

ஆனால் தியாகராய நகர்ச் சந்துகளிலும் மின்கம்பிகள் பின்னிய மாடிகளிலும் தண்ணீர் ராக்கெட்டுக்கும் இடமில்லை. இடம் பள்ளிகளிடம்தான் இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, விளையாட்டு மைதானத்தை ஆசிரியர் ஒருவர் மேற்பார்வையில் ராக்கெட்டுக்காக ஒதுக்கினால் என்ன? செலவு ஒரு பம்பும் சில காலிப் பாட்டில்களும்தான். மாணவ நண்பர்களே, நாளைக்கே உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் இதைக் கேளுங்கள். மறைவாக ஒரு மாடியில் மருந்து கொட்டப்படுவதைத் தடுக்க, திறந்த மைதானத்தைவிட நல்ல பூட்டு வேறில்லை.