தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆண்டுகள்

1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி, திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் சென்னை ராஜதானியைத் தன் ஆளுகையில் வைத்திருந்த ஆங்கில அரசாங்கத்துக்கும் இடையே கையெழுத்தான பெரியாற்றுக் குத்தகைச் சாசனத்தின் ஆயுள் 999 ஆண்டுகள். அந்த வருஷத்திலிருந்து அதே தொலைவு பின்னோக்கிப் போனால் 887-ஐ அடைகிறோம். அப்போது ஆதித்த சோழன் ஆண்டுகொண்டிருந்தான். தஞ்சைப் பெரிய கோயில் எழும்ப இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. ஆங்கிலேயரின் நிலச் சட்டத்தில் இத்தகைய நெடுங்குத்தகை வழக்கமானதுதான். பத்திரம் எழுதிய குமாஸ்தாவின் கை அந்த எண்ணில் நடுங்கியிராது. குத்தகை தீர்ந்ததும் இன்னொரு 999 ஆண்டுக்குப் புதுப்பித்துக்கொள்ளவும் அதே பத்திரத்தில் இடம் வைத்தார்கள் என்பதைப் படிக்கும்போதுதான், அதிகாரத்தில் இருப்போருக்குக் காலத்தைப் பற்றி எத்தனை அலட்சியம் வந்துவிடக்கூடும் என்று தோன்றுகிறது.

பெரியாற்றில் அணை கட்டும் முடிவின் நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தின் நினைவு ஆறாதிருந்த காலம் அது. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்த பெரியாற்றை மலையிலேயே மறித்து, ஏறத்தாழ ஒரு மைல் நீளமுள்ள சுரங்கத்தைப் பாறையில் குடைந்து, கிழக்கே வறண்டு கிடந்த வைகைப் படுகைக்குத் திருப்பிய பொறியாளர் பென்னிகுயிக்கின் சாதனை 1895-இல் நிறைவேறிற்று. கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளைகிறது; மதுரைச் சீமையின் வயல்கள் பசுமை கண்டன; தேனி வட்டாரத்துக் கிராமங்களில் அந்த ஆங்கிலேயரின் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். ஒரு காலனி அரசின் பொறியாளருக்கு, நாடு சுதந்திரம் பெற்ற பின்னும் இப்படி ஜனங்களின் நன்றி கிடைப்பது அபூர்வம்.

ஆயினும், தண்ணீரை அடி அடியாகவும், நிலத்தை ஏக்கருக்கு ஐந்து ரூபாயாகவும் கணக்கிட்டவர்கள், அந்தச் சாசனத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பிற்காலத்தில் எதிரெதிரே நிற்கப்போகிறவர்கள் யார் என்பதைக் கணக்கிடவில்லை; கணக்கிட்டிருக்கவும் முடியாது. முதலில் மின்சாரம் வந்தது. பாசனத்துக்கென வாங்கிய நீரில் மின்சாரம் எடுக்கலாமா என்ற வழக்கில் 1941-இல் நடுவர் தீர்ப்பு சென்னைக்குப் பாதகமாயிற்று. பிறகு 1956-இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது, பீர்மேடும் தேவிகுளமும் தமிழகத்துக்கு வேண்டுமென்ற கிளர்ச்சி பலிக்காமல் அவை கேரளத்திலேயே நின்றன. ஆக, அணை ஒரு மாநிலத்தின் மண்ணிலும், அதன் நீரும் நிர்வாகமும் இன்னொரு மாநிலத்தின் கையிலும் என்ற விசித்திரம் நிலைபெற்றது. 1970-இல் இரு அரசுகளும் உட்கார்ந்து, ஏக்கர் குத்தகையை முப்பது ரூபாயாக உயர்த்தி, மின் உற்பத்திக்கு இசைவும், ஏரியில் மீன்பிடிக்கும் உரிமை கேரளத்துக்கு என்ற ஏற்பாடும் செய்துகொண்டன. நல்லெண்ணத்தோடு பேசினால் பழைய சாசனத்தையும் திருத்தலாம் என்பதற்கு அது ஒரு சான்று. அதற்குப் பிறகு அப்படியொரு பேச்சு நிகழாததே துர்ப்பாக்கியம்.

ஒன்பதே ஆண்டில் அச்சம் வந்தது. 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மோர்பியில் மச்சு அணை உடைந்து ஊரே அழிந்த செய்தி, சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டிய நம் பழைய அணையின் கீழே குடியிருந்தவர்களின் நித்திரையைக் குலைத்தது. அதில் வியப்பில்லை. 152 அடி தேக்கவேண்டிய நீர் 136 அடிக்கு இறக்கப்பட்டது; அணையைப் பலப்படுத்திய பிறகும் மட்டம் ஏறவில்லை; கடைமடைக்காரனான சிவகங்கை, ராமநாதபுரம் விவசாயியின் வயிற்றெரிச்சலும் நியாயமானதே. 2006-இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்ததும் கேரளச் சட்டமன்றம் தன் சட்டத்தைத் திருத்தி அதைத் தடுத்தது; 2014-இல் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தைச் செல்லாதென்றது. அச்சம் மட்டும் தீர்ப்புக்குக் கட்டுப்படவில்லை. பெரியாற்றின் கீழ்ப்பகுதியில் பின்னாளில் எழுந்த இடுக்கி அணையும் அந்த அச்சத்தோடு பிணைந்துவிட்டது.

இவ்வளவு சச்சரவிலும் பேச வாயில்லாத ஒரு தரப்பு உண்டு. கையெழுத்திட்டவர்களில் அந்தக் காட்டில் வாழ்ந்த மன்னான்களும் பளியர்களும் இல்லை. நீரில் முழுகிய மரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால், மனிதன் பாசனத்துக்காகச் சிருஷ்டித்த அந்தச் செயற்கை ஏரியே யானைகளுக்குக் கோடைக்காலத் தண்ணீர்த் துறையாகி, 1934-இல் திருவிதாங்கூர் மன்னரால் வனவிலங்குச் சரணாலயமாகி, 1978-இல் புலிகள் காப்பகமும் ஆயிற்று. நீர்மட்டத்தை உயர்த்தினால் கரையோரப் புல்வெளி மூழ்கி இயற்கை கெடும் என்று நீதிமன்றத்தில் வாதாடும் நிலை பிறந்தது. இயற்கையை அழித்து உண்டான ஏரியை இயற்கையாகவே மதித்துக் காக்கவேண்டிய இந்த விபரீதத்தை 1886-இல் எந்தத் தீர்க்கதரிசி சொல்லியிருப்பான்?

தேக்கடியில் படகேறிப் போகிறவர்கள், நீருக்கு மேலே கறுத்து நிற்கும் அடிமரங்களைப் பார்த்திருப்பார்கள். நூற்றாண்டுக்கு முன் மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. இன்னும் முழுதும் உளுத்துப்போகவில்லை. நீர் இறங்கும் மாதங்களில் அவை மேலும் உயர்ந்து தெரியும். நீர்க்காகங்கள் அவற்றின் மேல் சிறகு விரித்து உலர்த்திக்கொண்டிருக்க, படகோட்டி அவற்றின் மீது மோதாமல் விலக்கி விலக்கிப் படகைச் செலுத்துகிறான்.