இந்தக் காயம் யாருடையது?

பட்டறையில் விட்ட காரைத் திரும்ப எடுக்கப் போகும் தினத்தில் நமக்கெல்லாம் புதிதாக ஒரு ஜோடிக் கண் முளைத்துவிடுகிறது. கவனித்திருக்கிறீர்களா? ஆறு மாதமாக அந்த வண்டியை ஒரு தடவையாவது சுற்றி வந்து பார்த்திருக்க மாட்டோம். காலையில் அவசரமாகக் கதவைத் திறந்து ஏறுவோம். மாலையில் அலுப்புடன் இறங்கிச் சாத்துவோம். வலது பக்கத்து முன் கதவு ஒன்றுதான் நமக்குப் பரிச்சயம். இடது பக்கத்துப் பின் கதவு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பது அதில் ஏறி இறங்கும் மாமியாருக்குத்தான் தெரியும். ஆனால் பட்டறைக்காரர் பில்லை நீட்டியதும் பாருங்கள், பெண் பார்க்க வந்த சம்பந்திகளைப் போல வண்டியை வலம் வர ஆரம்பிக்கிறோம்.

"இதென்ன, இங்கே நசுங்கியிருக்கிறது?"

"அது பழசு, ஸார்!"

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே எத்தனை வருஷத்துச் சிநேகங்கள் முறிந்திருக்கின்றன! இருபது வருஷம் ஒரே பட்டறையில் வண்டி விட்டவர், ஒரு சாண் நீளக் கோட்டுக்காக அந்தத் தெருப் பக்கமே போவதில்லை என்று சபதம் எடுத்துக் கொள்கிறார். பட்டறைக்காரரும் சும்மா இருப்பதில்லை. "எங்கேயோ இடித்துவிட்டு என் தலையில் கட்டப் பார்க்கிறார்" என்று அடுத்த வாடிக்கைக்காரரிடம் சொல்கிறார். இதில் விசேஷம் என்னவென்றால், இருவருமே மனமறிந்து பொய் சொல்வதில்லை. ஒருவர் இன்றைக்குத்தான் பார்த்தார். ஆகவே இன்றைக்குத்தான் நேர்ந்தது என்று நம்புகிறார். மற்றவர் தம் கண் முன் எதுவும் நடக்கவில்லை. ஆகவே தம் இடத்தில் நடக்கவேயில்லை என்று நம்புகிறார்.

எனக்குத் தெரிந்த தலைமை ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெற்று, தாம்பரத்துக்கு அப்பால் வீடு கட்டிக் கொண்டு இருக்கிறார். அவரிடம் பன்னிரண்டு வயதான வெள்ளைக் கார் ஒன்று உண்டு. ஒரு வியாழக்கிழமை ஆயில் மாற்றவும் பிரேக் பார்க்கவும் பக்கத்துப் பட்டறையில் விட்டார். ரசீது இல்லை, குறிப்பு இல்லை. சாவியைக் கொடுத்துவிட்டு, "பார்த்துச் செய்யப்பா" என்றதோடு சரி. சனிக்கிழமை எடுக்கப் போனார். இடது பக்கக் கதவுகளுக்குக் கீழே, ரன்னிங் போர்டில் இரண்டு இடம் நசுங்கிப் பெயின்ட் விரிந்திருந்தது.

ஆசிரியருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இலக்கணம் சுத்தமாகிவிடும். "வியாழக்கிழமை யான் இங்கு விடுத்தபோது இஃது இல்லை" என்கிற தோரணையில் ஆரம்பித்தார். முதலாளி, "பழசு ஸார்" என்று சாதித்தார். பத்து நிமிஷம் இப்படியே போயிற்று. கடைசியில் முதலாளிக்கு அலுத்துவிட்டது. உள்ளே திரும்பி, "டேய், ஜாக்கி போட்டது யார்?" என்று கத்தினார். பதினெட்டு வயசிருக்கும், ஒரு பையன் கையில் கிரீஸோடு வந்து நின்றான். வாயே திறக்கவில்லை.

"சரி ஸார், டிங்கர் வேலைக்கு ஆகிறதை இவன் சம்பளத்தில் பிடித்துக் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் மனசு கஷ்டப்படாதீர்கள்" என்றார் முதலாளி.

இப்போது யாருக்கு மனசு கஷ்டம்? ஆசிரியர் கேட்டது நியாயம். கிடைத்ததோ ஒரு பையனுடைய இரண்டு வாரச் சம்பளம். முப்பத்தைந்து வருஷம் பையன்களைப் பார்த்தே பழகியவர் அவர். செய்துவிட்டு நிற்கிற பையன் எப்படி நிற்பான், செய்யாமல் நிற்கிறவன் எப்படி நிற்பான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அன்றைக்கு அவருக்கே புரியவில்லையாம். அதனால் பையனை விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக் கொண்டு தரையில் குந்தி வண்டியைப் பார்த்தார். அதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும்!

முன்பக்கத்து நசுங்கலில் பெயின்ட் விரிந்த இடமெல்லாம் செங்கல் நிறத்தில் துரு ஏறியிருந்தது. விரலால் தேய்த்தால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. மடிப்புக்குள்ளே மண் காய்ந்து இறுகிக் கிடந்தது. வியாழனிலிருந்து சனிக்குள் இத்தனை துரு ஏறாது. மாதக் கணக்கான சமாசாரம். பின்பக்கத்து நசுங்கல் அப்படியில்லை. தகரம் வெள்ளி மாதிரி பளபளத்தது. அதன் நடுவில், ஜாக்கியின் தலை பதிந்த வட்டம் அச்சு வார்த்தாற்போல் தெரிந்தது.

ஆக, ஒன்று பழசு, ஒன்று புதுசு. இரண்டு பேர் சொன்னதும் பாதி பாதி வாஸ்தவம். பழைய காயம், நாலு மாதத்துக்கு முன்னால் திண்டிவனம் போகிற வழியில் பஞ்சர் ஒட்டிய கடையில் விழுந்திருக்கலாம் என்பது ஆசிரியரின் இப்போதைய ஊகம். புதிய காயத்துக்கு முதலாளி டிங்கர் கூலி கொடுத்தார். பையன் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது என்று ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "சாவியை நான் அவனிடமா கொடுத்தேன்?" என்று கேட்டாராம். நல்ல கேள்வி. வேலையாள் வேலையின் நடுவில் செய்கிற தவறுக்கு வாடிக்கைக்காரரிடம் பதில் சொல்ல வேண்டியவர் முதலாளிதான். பையன் சம்பளத்தில் பிடிப்பதானாலும் அவன் பக்கத்து நியாயத்தைக் கேட்காமல் பிடிக்கக் கூடாது என்றுதான் சட்டமும் சொல்கிறது.

காரின் அடிப்பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரன்னிங் போர்டின் கீழ் விளிம்பில், முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒன்றும் பின் சக்கரத்துக்கு முன்னால் ஒன்றுமாக, அநேகமாக எல்லாக் கார்களிலும் ஜாக்கி வைப்பதற்கென்றே பலப்படுத்திய இடங்கள் உண்டு. சிறு வெட்டுப் போட்டு அடையாளம் வைத்திருப்பார்கள். அந்த இடத்தைவிட்டு நாலு விரற்கடை தள்ளி வைத்தாலும் தகரம் அப்பளம் மாதிரி மடங்கும். வேகத்தடையில் இடித்த காயமோ வேறு ஜாதி. வண்டி போகிற திசையில் நீளமாக இழுத்த கோடாக இருக்கும். தெருவில் இன்னொரு வண்டி உரசியிருந்தால் அதன் பெயின்ட் கொஞ்சமாவது ஒட்டியிருக்கும். உரசிய உயரம் எதிராளியின் பம்பர் உயரத்தோடு ஒத்துப் போகும். இதற்கெல்லாம் துப்பறியும் சாம்பு வரவேண்டியதில்லை. ஒரு டார்ச் விளக்கும் குனியக்கூடிய முதுகும் இருந்தால் போதும்.

ஆனால் எல்லாக் காயமும் இப்படி வாய் திறந்து சாட்சி சொல்வதில்லை. ஆயில் வடிக்கிற டிரெயின் நட்டை எடுத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் யாரோ ஒருவர் வேண்டியதற்கு மேல் முறுக்கி முறுக்கி, அலுமினிய மரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே வரும். ஐந்தாம் தடவை கழற்றுகிறவன் கையில் மரை போய்விடும். அவன்தான் உடைத்தானா? முந்தைய நாலு பேரும் எங்கே? கடைசியாகத் தொட்டவன் மீது பழி விழுவது லோக வழக்கம். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இந்த மாதிரி விவகாரத்தில் செலவைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக் கொள்வதே மேல். பட்டறைக்காரர்கள் என்னை அடிக்க வரலாம், கார்க்காரர்களும் வரலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. ஒரு காரியத்துக்காக ஒரு பொருளை ஒருவரிடம் ஒப்படைத்தால், சாதாரண விவேகமுள்ள மனிதன் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக் கொள்வானோ அப்படி அவர் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் 151-ஆம் பிரிவு. அப்படிப் பார்த்துக்கொண்டும் சேதம் நேர்ந்தால், வேறு விசேஷ ஒப்பந்தம் இல்லாத வரையில் அவர் பொறுப்பாளி அல்ல என்பது 152. கார் கண்டுபிடிப்பதற்கு முன்னால் எழுதியதுதான். ஆனாலும் காருக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

"வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று பலகை மாட்டியிருக்கிறார்களே என்பீர்கள். டில்லி தாஜ் மகால் ஹோட்டலுக்கு 1998 ஆகஸ்டில் ஓர் இரவு வந்தவர், தம் மாருதி ஜென் காரை நிறுத்தச் சொல்லி ஹோட்டல் ஆளிடம் சாவியைக் கொடுத்தார். வாங்கிய சீட்டில், சேதத்துக்கு ஹோட்டல் பொறுப்பில்லை என்று அச்சிட்டிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் கார் இல்லை. வேறொரு காரில் வந்திருந்த இளைஞர்களில் ஒருவன் சாவியை எடுத்து ஓட்டிக்கொண்டு போய்விட்டான். வழக்கு நடந்து நடந்து, 2019 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சாவியைக் கொடுத்து ஒப்படைத்த வண்டி ஒப்படைத்த நிலையில் திரும்பாவிட்டால், தன் அஜாக்கிரதை காரணமல்ல என்று முதலில் விளக்க வேண்டியது ஹோட்டல்தான். சொந்த அஜாக்கிரதையைச் சீட்டு வாசகத்தின் பின்னால் ஒளித்துக்கொள்ள முடியாது என்றது. பட்டறையிலும் சாவி கை மாறுகிறது அல்லவா?

இதில் ஒரு கொக்கி உண்டு. கொடுக்கும்போது வண்டி நன்றாக இருந்தது என்பதை நாம்தான் காட்ட வேண்டும். அது நிலைத்த பிறகே பட்டறைக்காரர் விளக்கம் சொல்லும் கட்டம் வரும். பெரிய பட்டறைகளில் ஜாப் கார்டு என்று ஒன்று எழுதுகிறார்கள். அதில் கார் படம் ஒன்று போட்டு, எங்கெங்கே கீறல், எங்கெங்கே நசுங்கல் என்று குறிப்பார்கள். ஓடிய கிலோமீட்டரும் பெட்ரோல் அளவும் இருக்கும். நாமோ அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடுகிறோம். சின்னப் பட்டறையில் கார்டு கிடையாது. ஆனால் உங்கள் சட்டைப் பையில் காமிரா உள்ள டெலிபோன் இருக்கிறதே! நாலு பக்கமும், கீழ் விளிம்பும், மீட்டரும் எடுத்து, அங்கேயே பட்டறைக்காரருக்கும் அனுப்பிவிட்டால் நேரம், தேதி எல்லாம் தானே பதிவாகிவிடும். இதைச் செய்தால் அவர் கோபித்துக் கொள்ளமாட்டார். அவருக்கும் அது கவசந்தான்.

தகராறு வந்துவிட்டது, என்ன செய்வது? பணம் தரமாட்டேன், வண்டியை எடுத்துப் போகிறேன் என்று பாய வேண்டாம். செய்த வேலைக்குக் கூலி வரும் வரையில் வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ள அதே சட்டத்தின் 170-ஆம் பிரிவு அவருக்கு உரிமை கொடுக்கிறது. கூலியைக் கொடுங்கள், இன்ன சேதத்துக்கு ஆட்சேபம் உண்டு என்று பில்லிலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். "திருப்தியாகப் பெற்றுக் கொண்டேன்" என்ற வரி அச்சாகியிருந்தால் அதை அடித்துவிட்டு எழுதுங்கள். பிறகு கடிதம், பிறகு 1915 என்ற நுகர்வோர் உதவி எண், அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை, சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரையில் கட்டணமும் கிடையாது.

சில பட்டறைகளில் ஒரு சமரச யோசனை சொல்வார்கள்: "இன்ஷூரன்ஸில் போட்டுவிடலாம் ஸார், ரோட்டில் இடித்ததாக எழுதிக் கொள்ளலாம்." இனிக்க இனிக்கத்தான் சொல்வார்கள். நடக்காத விபத்தை நடந்ததாக எழுதிக் கையெழுத்துப் போடப்போவது அவரல்ல, நீங்கள். அதோடு, க்ளெய்ம் இல்லாத வருஷங்களுக்காகக் கிடைக்கிற சலுகை, அதாவது காரின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் முதல் வருஷம் 20 சதவிகிதத்தில் தொடங்கி ஐந்து வருஷத்தில் 50 சதவிகிதம் வரை ஏறுவது, அந்த ஒரு நசுங்கலுக்காகக் கைவிட்டுப் போகும்.

வண்டி பட்டறையில் இருக்கும்போதே, "ஸார், கீழே ஆயில் சம்ப் அடிபட்டிருக்கிறது, மாற்ற வேண்டும்" என்று டெலிபோன் வருகிறதா? சரி என்று சொல்லிவிடாதீர்கள். "நான் வருகிறவரையில் கழற்ற வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பாருங்கள். போகிற வழியில், வீட்டில் வண்டி நிற்கிற இடத்தில் தரையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவது நல்லது. ஆயில் சொட்டுக் கறை இருந்தால் பேச்சை மெதுவாக ஆரம்பிக்கலாம். கறை இல்லையென்றால், கழற்றிய சம்பை ஒரு கோணியில் சுற்றித் தரச் சொல்லி வாங்கி வந்துவிடுங்கள். பழைய இரும்புக்காரன் கேட்டாலும் விவகாரம் தீரும் வரையில் கொடுக்க வேண்டாம்.